எதிர்முனை அழைப்பை முடித்துக்கொண்டது

ஆகஸ்ட் 2

டிரைவருக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கைபேசியை எடுக்க வேண்டாம். கூப்பிட்டாலும் நான் பேசப்போவதில்லை. இனிமேல் சொல்ல வேண்டியதை எழுதியே சொல்வோம். கடிதத்தில் ஒரு வசதி, யாரும் பாதியில் கட் பண்ண முடியாது.

நேற்றும் வைத்துவிட்டீர்கள். நான் இங்கே மேலங்கிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே எதையோ படித்துக்கொண்டிருந்தீர்கள். நூலைக் கடித்துவிட்டுத் திரும்பினால் திரையில் அதே வரி: "எதிர்முனை அழைப்பை முடித்துக்கொண்டது." அந்த வரியை இப்போதெல்லாம் கனவில்கூடப் பார்க்கிறேன்.

நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. நீங்கள் ஓர் ஊரில், நான் ஓர் ஊரில். சாயங்காலம் அவரவர் அறைக்கு வந்ததும் லேப்டாப்பில் அழைப்பைப் போட்டு அப்படியே விட்டுவிடுவோம். முகம்கூட வேண்டாம், குரல் மட்டும் போதும் என்று கேமராவையும் மூடிவிடுவோம். பேசியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் வெங்காயம் நறுக்குவீர்கள், நான் துணி மடிப்பேன். எப்போதாவது ஒருவர் "இருக்கியா?" என்பார், இன்னொருவர் "ம்" என்பார். நம் குடும்பம் நடந்தது அந்த "ம்"மில்தான். அதுவும் உங்களுக்குப் பாரமாகிவிட்டது போலிருக்கிறது.

மெஷினில் கோளாறு என்று ஆரம்பிக்காதீர்கள். போன வாரம் உங்கள் தங்கையோடு இதே லேப்டாப்பில், இதே அறையில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. நாத்தனாரோடு பேசினால் நிற்கிறது, புருஷனோடு பேசினால் அறுகிறது என்றால் என்ன அர்த்தம்?

இன்னொரு செய்தி. எங்கள் மருத்துவமனை புதிதாக ஒரு கிளை திறக்கிறது. காது பரிசோதனைப் பிரிவை அங்கே நானே ஆரம்பித்து நடத்த வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்கிறார். இரண்டு வருஷம். உங்கள் ஊரிலிருந்து இப்போது இருப்பதைவிட இரண்டு மடங்கு தூரம். டிசம்பரில் இந்த வேலையை விட்டுவிட்டு உங்களோடு வந்து இருப்பது என்று பேசி வைத்திருந்தோம். இப்போது யோசிக்கிறேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எந்தப் பட்டனை அழுத்துவீர்கள்?

மாதக் கடைசிக்குள் டாக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும்.


ஆகஸ்ட் 6

அன்புள்ள காதம்மாவுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். பெண் பார்க்க வந்த அன்றே, காபி ஆறுவதற்குள் "நீ"க்கு வந்துவிட்டவள் நீ. உன் அம்மா கண்ணை உருட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை. கடிதத்தில் இருந்த மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். அந்த "ங்கள்"தான் முகத்தில் அடித்தாற்போல இருக்கிறது.

நான் வைக்கவில்லை. என்னை நம்பு. என் திரையிலும் அதே வரிதான் வருகிறது: எதிர்முனை அழைப்பை முடித்துக்கொண்டது. எனக்கு எதிர்முனை நீ. நீதான் வைத்துவிட்டாய் என்று நான் இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருக்கிறானே என்று எரிச்சல் வந்து வைக்கிறாய் என்று. கேட்டால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே, வேலைப் பழக்கத்தில் கேட்கிறேன். லேப்டாப்பின் மூடி தெரியாமல் சாத்திக்கொள்கிறதா? ரவுட்டரை யாராவது இடம் மாற்றினார்களா? அடுத்த அறையில் புதிதாக யாராவது குடிவந்தார்களா?

மற்றபடி அந்தப் பழைய லேப்டாப்புக்கு லினக்ஸ் இயங்குதளம் போட்டுக் கொடுத்ததே நான்தான். அதிலிருக்கிற வயர்லெஸ் கார்டு எங்கள் கம்பெனி கார்டு. அதற்கு டிரைவர் எழுதுகிற குழுவுக்கு நான்தான் பொறுப்பு. கார்டு பேசுவதைக் கணினிக்கும், கணினி பேசுவதைக் கார்டுக்கும் சொல்லிப் புரியவைக்கிற நிரல் அது. என் குழந்தை மாதிரி. அதன்மேல் பழி போட எனக்கு மனசு வராது.

உன் பெரிய மாமா கல்யாணத்தன்று என்னை ஓரமாக அழைத்துப்போய், "மாப்ள, டிரைவர்னு சொன்னாங்க. லாரியா, பஸ்ஸா?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? நீ பின்னால் நின்றுகொண்டு, "வயர் இல்லாத வண்டி மாமா" என்றாய். அன்றிலிருந்து நான் உனக்கு டிரைவர். நேற்று உறையில் "டிரைவருக்கு" என்று பார்த்தபோதும் முதலில் சிரித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

அந்தப் பதவி நல்ல பதவி. உனக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் நான் பட்டனை அழுத்தினேன் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன்
டிரைவர்


ஆகஸ்ட் 9

டிரைவருக்கு,

மூடியைச் சாத்தினேனா என்று கேட்டிருக்கிறீர்கள். அழுதுகொண்டு வருகிற பெண்டாட்டியிடம் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தியா?" என்று கேட்கிற ஆள் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். சாத்தவில்லை. ரவுட்டர் அலமாரிமேல் அதே இடத்தில் இருக்கிறது. அடுத்த அறையில் அதே பல் டாக்டர்தான் இருக்கிறார்.

நான் வைத்தேன் என்று நினைத்தீர்களாம். காதுக்காரியிடமே காது குத்தாதீர்கள். எனக்குச் சலிப்பு என்றால் சலிப்பு என்று வாய்விட்டுச் சொல்வேன். அது உங்களுக்கே தெரியும்.

சலித்துப்போனது நீங்கள். போன மாதம் முழுக்க என்ன நடந்தது? உட்கார்ந்ததும் படபடவென்று ஆரம்பிப்பீர்கள். பக்கத்து மேசைக்காரர் மீன் தொட்டி வாங்கியது. லிஃப்ட் ரிப்பேர் ஆனது. மழை வரும்போல் இருப்பது. அப்புறம்? அப்புறம்? நடுவில் காகிதம் சரசரக்கிற சத்தம் வேறு. பேச வேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு என்னிடம் பேசியிருக்கிறீர்கள்! நேர்காணலுக்கு வந்தவள்போல நான் "சரி, சரி" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சீட்டு தீர்ந்ததும் கொஞ்சம் அமைதி, உடனே கட். ஆபீஸில் எல்லோரும் சேர்ந்து கேக் வெட்டிய படத்தை அனுப்பினீர்களே, அதற்குப் பிறகு நீங்கள் என்னை வெட்டாத நாளே இல்லை.

என் வேலை என்னவென்று ஒரு தடவை வந்து பார்த்திருந்தால் புரியும். ஒலி புகாத அறை. நோயாளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். சத்தம் எப்போது வரும் என்று அவருக்குத் தெரியாது. நடுவில் நான் விடுகிற அமைதி இருக்கிறதே, அதில் பாதிப் பேர் தவித்துப்போய்ச் சும்மாவே அழுத்துவார்கள். சும்மா இருக்கத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் உங்களைப் பிடித்தது.

நேற்று பெரிய டாக்டர் மறுபடியும் கேட்டார். "கிட்டத்தட்ட சரிதான் சார்" என்று சொல்லியிருக்கிறேன்.


ஆகஸ்ட் 13

அன்புள்ள காதம்மாவுக்கு,

சீட்டு உண்மைதான். என் பக்கம் என்னவென்றால், பேச்சு நின்றதும் நீ வைத்துவிடுகிறாய் என்று எனக்குத் தோன்றியது. அதனால் பேச்சு நிற்கக் கூடாது என்று பகல் முழுக்க விஷயம் தேடினேன். மீன் தொட்டியைப் பற்றி எனக்கு என்ன கவலை? அந்த ஆள் என்ன மீன் வாங்கினார் என்றுகூடக் கேட்டு வைத்துக்கொண்டேன், நீ கேட்டால் சொல்வதற்கு. நீ கேட்கவே இல்லை. என்னைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது.

"கிட்டத்தட்ட சரி" என்று டாக்டரிடம் சொன்னாயாமே. அந்த வரியைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன், திரும்பி வந்து உட்கார்கிறேன், என்ன செய்ய வந்தேன் என்று மறந்துபோகிறது.

(இதுவரை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மறுபடியும் கிழித்துப் பிரித்து எழுதுகிறேன்.)

இப்போதுதான் தங்கை கைபேசியில் கூப்பிட்டாள். ஒரே அழுகை. "அண்ணா, அண்ணிக்கு என்மேல என்ன கோபம்? லேப்டாப்ல கூப்பிட்டு நல்லாத்தான் பேசிட்டு இருந்தேன். அடுப்புல பால் வெச்சிருந்தேன், பார்த்துட்டு வரேன்னு சொல்லிட்டுப் போனேன். வர்றதுக்குள்ள வெச்சுட்டாங்க! போன தடவை அவ்ளோ நேரம் பேசினோமே, அப்ப நல்லாத்தானே இருந்தாங்க?"

நீ வைத்தாயா? இல்லை என்று நினைக்கிறேன். என் தங்கை பேச்சை நிறுத்தியதே அதிசயம். நிறுத்திய அந்தக் கொஞ்ச நேரத்தில் அறுந்திருக்கிறது. போன தடவை அவள் மூச்சு விடாமல் பேசியிருப்பாள், அதனால் அறுந்துபோகவில்லை.

நம் இரண்டு பேருக்கும் அறுந்தது எப்போதெல்லாம்? நீ பொத்தான் தைக்கும்போது. சீட்டு தீர்ந்த பிறகு. உனக்கு ஏதாவது தோன்றுகிறதா? எனக்குத் தோன்றுவதை எழுதவே பயமாக இருக்கிறது. நீ சோதித்துப் பார். உன் முறைப்படியே பார். என்னோடு வேண்டாம், தங்கையோடு.

டிரைவர்


ஆகஸ்ட் 17

டிரைவருக்கு,

நான் வைக்கவில்லை. அவள்தான் பாலைக் காரணம் சொல்லிக் கழன்றுகொண்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடும்பமே இப்படித்தான் என்று உங்கள் எல்லோரையும் மனசுக்குள் திட்டிவிட்டேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், ஓரளவு.

சோதித்தேன். நோயாளிக்குச் செய்வதுபோலவே செய்தேன். எதற்காக என்று அவளுக்குச் சொல்லவில்லை.

முதலில் இருவரும் பேசிக்கொண்டே இருந்தோம். அவள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் முழு வரலாறும் எனக்கு இப்போது தெரியும். அறுந்துபோகவில்லை.

பிறகு அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். "எதுக்கு அண்ணி?" "சும்மா இரு." "சரி அண்ணி, ஆனா எதுக்கு?" "வாயை மூடு!" இதிலேயே பாதி நேரம் போனது. கடைசியில் மூடினாள். நானும் மூச்சுக்கூடக் கேட்காமல் இருந்தேன். ஒரு நிமிஷம் தாண்டவில்லை, கட். திரையில் அதே வரி. மறுபடி செய்தேன், மறுபடியும் கட்.

மூன்றாவதாக, இருவரும் பேசவில்லை, ஆனால் நான் நடுநடுவே இருமினேன். அறுந்துபோகவில்லை. இருமுவதை நிறுத்தினேன், அறுந்தது.

ஆக, நம் கல்யாணம் இருமலில் நிற்கிறது. சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அழுதால் சத்தம் வருமே, அப்போதும் அறுந்துபோகாது என்று தோன்றியதும் மறுபடி சிரிப்பு. உங்கள் தங்கை பயந்துபோனாள்.

ஒன்று கவனித்தேன். இது எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தேன். கேக்குக்குப் பிறகு என்று போன கடிதத்தில் கோபத்தில்தான் எழுதினேன். ஆனால் அது உண்மை. அந்தப் படம் வந்த வாரத்தில் லேப்டாப் அப்டேட் கேட்டது, சரி என்று அழுத்தினேன். அதற்கு முன் ஒரு நாளும் அறுந்ததில்லை.

அந்தக் கேக் எதற்கு வெட்டினீர்கள்?


ஆகஸ்ட் 20

அன்புள்ள காதம்மாவுக்கு,

பேட்டரிக்கு.

"உன் லேப்டாப் பேட்டரி இனிமேல் அரைமணி நேரம் கூடுதலாக நிற்கும்" என்று அன்றைக்கு உன்னிடம் பீற்றிக்கொண்டேனே, அதற்குத்தான். அந்த மாற்றத்தை எழுதியது நான். கேக்கில் முதல் துண்டை எனக்குத்தான் ஊட்டினார்கள்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வயர்லெஸ் கார்டு எப்போதும் விழித்திருந்தால் பேட்டரி தீர்ந்துபோகும். அதனால் வேலை இல்லாதபோது அது தூங்கும். தூங்கும் முன் ரவுட்டரிடம், "எனக்கு ஏதாவது வந்தால் எடுத்து வையுங்கள், நடுவில் எழுந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கும். சொன்னபடி எழுந்து கேட்கும். நான் என்ன செய்தேன் என்றால், இன்னும் சீக்கிரம் தூங்கு, இன்னும் ஆழமாகத் தூங்கு, இத்தனை தடவை எழ வேண்டாம் என்று கார்டுக்கு உத்தரவு போட்டேன். புதுக் கார்டுகள் சொன்ன நேரத்துக்கு எழுந்தன. உன்னிடம் இருப்பது பழைய கார்டு. அது எழவில்லை. ரவுட்டர் பார்த்துப் பார்த்து, இந்த வீட்டில் ஆளே இல்லை போலிருக்கிறது என்று இணைப்பைக் கழற்றிவிட்டது.

நாம் பேசுகிற செயலியும் ஒத்து ஊதியிருக்கிறது. யாரும் பேசவில்லை என்றால் அது எதையும் அனுப்பாது. விசிறிச் சத்தம், தட்டச்சுச் சத்தம் எல்லாவற்றையும் வடிகட்டிவிடும். உன் அறையோ திரைச்சீலை மேல் திரைச்சீலை போட்டு நீயே அமைதியாக்கி வைத்த அறை. நாம் இருவரும் சும்மா இருந்தால் கார்டுக்கு வேலை இல்லை, தூங்கிவிடும். இணைப்பு போனது ஏன் என்று செயலிக்கும் தெரியாது. தெரியாதபோதெல்லாம் அது காட்டுகிற ஒரே வரி, எதிர்முனை அழைப்பை முடித்துக்கொண்டது. எவனோ அலட்சியமாக எழுதி வைத்த வரி. அதை நம்பி நாம் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம்.

நான் இதைச் சோதித்தபோது புதுக் கார்டில் மட்டும் சோதித்தேன், அதுவும் பாட்டு ஓடவிட்டுக்கொண்டே. அமைதியில் சோதிக்க எனக்குத் தோன்றவில்லை.

நீ சொன்னதுதான் சரி. கட் பண்ணியது நான்தான்.

கீழே ஒரு வரி எழுதியிருக்கிறேன். லேப்டாப்பில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து அப்படியே அடித்துவிடு. தூக்கம் நின்றுவிடும். லேப்டாப்பை அணைத்துப் போட்டால் மறுபடி அடிக்க வேண்டியிருக்கும். wlan என்பதற்குப் பக்கத்தில் இருப்பது பூஜ்யம், எழுத்து இல்லை.

sudo iw dev wlan0 set power_save off

அடித்துவிட்டு, மனசு இருந்தால், கூப்பிடு.

டிரைவர்


ஆகஸ்ட் 23

டிரைவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மருத்துவமனைக் குளியலறையில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று எழுத வரவில்லை. உங்களுக்கு நான் சலிக்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்துக்காக இரண்டு மாதமாகச் சாப்பாடு சரியாக இறங்காமல் இருந்திருக்கிறேன்.

இனி கோபம். அந்த வரியை நான் அடிக்கவில்லை.

என்னிடம் ஒரு பெரியவர் வருகிறார். அச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மெஷின் சத்தத்தில் காது போனவர். கருவி மாட்டிக்கொண்டால் கேட்கும், ஆனால் கேட்டதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுப்பார். நேற்று சொன்னார், "பொண்ணுகிட்ட கம்ப்யூட்டர்ல பேசுறேம்மா. அவ ஒண்ணு கேட்பா. நான் யோசிச்சுப் பதில் சொல்றதுக்குள்ள வெச்சுடுறா. அவளுக்கு நேரம் இல்ல, பாவம்." வழக்கமாக நான், "காது பழகப் பழகச் சீக்கிரம் புரியும்" என்று சொல்லி அனுப்பியிருப்பேன். நேற்று அப்படிச் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை.

அவர் வீட்டில் என்ன கம்ப்யூட்டர் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் கார்டாக இல்லாமலும் இருக்கலாம். ஆனால் உங்கள் கார்டு எத்தனை வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் இல்லையா? அந்த வீட்டுப் பெண்களுக்கெல்லாம் டிரைவர் எழுதுகிற புருஷன் வாய்த்திருப்பானா? அவர்களுக்கு யார் கடிதம் போட்டு ஒரு வரி சொல்லிக்கொடுப்பார்கள்?

வீட்டுக்காரி என்று எனக்கு மட்டும் தனியாகக் கொடுக்கிற மருந்து வேண்டாம். எல்லோருக்கும் கொடுங்கள், வரிசையில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

டாக்டருக்குப் பதில் சொல்ல இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. போவதா, உங்களிடம் வருவதா என்று இப்போது உண்மையிலேயே தெரியவில்லை. முன்பு கோபம் இருந்தது, முடிவெடுப்பது சுலபமாக இருந்தது.


ஆகஸ்ட் 27

அன்புள்ள காதம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே மேலாளரிடம் போனேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "பழைய கார்டு வெச்சிருக்கறவங்க எவ்ளோ பேர் இருக்கப் போறாங்க? லேப்டாப் கம்பெனிக்காரங்ககிட்ட பேட்டரி கணக்கைக் காட்டிக் கையெழுத்து வாங்கியாச்சு. அடுத்த பதிப்புல காதும் காதும் வெச்ச மாதிரி சரி பண்ணிக்கலாம். இப்ப நீ வாயைத் திறக்காதே."

அவர் கெட்டவர் இல்லை. போன மாதம்வரை இதையே வேறு யாராவது என்னிடம் வந்து சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன். வெளியே வந்து ஒரு நாள் பொறுத்தேன். கை சும்மா இருக்கவில்லை. பேனாவை நான் மூடித் திறந்து, மூடித் திறந்து செய்த சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து மீனுக்குத் தீனி போடப் போய்விட்டார்.

நேற்று, டிரைவர் எழுதுகிறவர்கள் எல்லோரும் படிக்கிற பொது மின்னஞ்சல் பட்டியலில் எழுதிவிட்டேன். "இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவன் நான். பேச்சு நின்றால் பழைய கார்டுகளில் இணைப்பு அறுகிறது. புதிய கார்டில் மட்டும் சோதித்தது என் தவறு. மாற்றத்தைத் திரும்பப் பெறுகிறேன்." இப்படி எழுதும்போது கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னவர் யார், சோதித்தவர் யார் என்று ஆளுக்கொரு வரி போடுவது எங்கள் வழக்கம். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டேன். சோதித்தவர் என்ற இடத்தில் தங்கை பெயரை. அவள் அதைப் படம் எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். உன் பெரிய மாமா, "பொண்ணும் டிரைவர் வேலைக்குப் போயிடுச்சா?" என்று கேட்டாராம்.

பட்டியலில் பதில்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒருவர் இதற்காக ரவுட்டரையே மாற்றினாராம். இன்னொருவர் தன் அப்பாவோடு சதுரங்கம் ஆடுவாராம். அப்பா யோசிக்கும்போதெல்லாம் அறுந்துபோகுமாம். தோற்கப் போவது தெரிந்து அப்பா நழுவுகிறார் என்று நினைத்து, விளையாடுவதையே நிறுத்திவிட்டாராம். படித்துவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன்.

மேலாளர் இன்று காலை என்னைக் குழுப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார். இனிமேல் எனக்கு வேலை, பழைய கார்டுகளில் புது டிரைவர் ஓடுகிறதா என்று சோதிப்பது. மூலையில் ஓர் அலமாரி, அதில் ஒரு பெட்டி நிறையப் பழைய கார்டுகள். தண்டனை என்று நினைத்துத்தான் கொடுத்தார். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். என் இடத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

ஆனால் ஒன்று தோன்றியது. கேட்டேன், அவரும் சரி என்று சொல்லிவிட்டார். அந்தப் பெட்டியை எந்த ஊரில் வைத்துக்கொண்டும் இந்த வேலையைச் செய்யலாம்.

அதனால் அந்தப் பதவியை வேண்டாம் என்று சொல்லாதே. எனக்காகச் சொல்லாதே. நீ போகிற ஊருக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் வருகிறேன். நீ வரச் சொன்னால். வேண்டாம் என்றால் அதையும் எழுது, தாங்கிக்கொள்வேன். இல்லை, தாங்க மாட்டேன், ஆனாலும் எழுது.

திருத்திய அப்டேட் உன் லேப்டாப்புக்கு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும்.

டிரைவர்


செப்டம்பர் 5

காதம்மா,

மாதம் முடிந்துவிட்டது. நீ கையெழுத்துப் போட்டாயா, இல்லையா? போட்டிருந்தால் தனியாகவா? தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். கடிதம் அறுந்துபோகாது என்று நீதானே சொன்னாய்?

உன் ஆஸ்பத்திரி எண்ணுக்குக் கூப்பிடக் கை போனது. கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறாய். கூப்பிடவில்லை.

இருக்கிறாயா?


செப்டம்பர் 9

அன்புள்ள டிரைவருக்கு,

இருக்கிறேன்.

நீ பதறாமல் சும்மா இருக்கிறாயா என்று பார்க்க நினைத்தேன். பதறிவிட்டாய். பரவாயில்லை, பாஸ் மார்க் போடுகிறேன், கைபேசியை எடுக்கவில்லையே.

முப்பதாம் தேதியே கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்போது உன் அப்டேட் வரவில்லை, உன் வரியையும் நான் அடிக்கவில்லை. எதுவும் சரியாகாமலேதான் போட்டேன். அங்கே குடியிருப்பு தருகிறார்கள். தனியாகவா, குடும்பத்தோடா என்று ஆபீஸ் அம்மா கேட்டார். "குடும்பத்தோட" என்றேன். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்டார். "டிரைவர்" என்று சொல்லிவிட்டேன். அதனால் வீட்டோடு வண்டி நிறுத்தவும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். உன் பெட்டியை அங்கே வைத்துக்கொள்.

பெரியவரிடம் அவர் கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உன் கார்டு இல்லையென்றாலும் நீ பார்த்துத்தான் ஆக வேண்டும்.

அப்டேட் முந்தாநாள் வந்தது. வரிசையில் நின்றுதான் வாங்கிக்கொண்டேன். நேற்று உன் தங்கையைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தோம். நான் ஒரு மேலங்கிக்கு முழுக்கப் பொத்தான் தைத்து முடித்தேன். இருமவில்லை. கடைசியில் அவளால்தான் தாங்க முடியவில்லை. "அண்ணி, இருக்கீங்களா?" என்றாள்.

"ம்" என்றேன்.

இது உன் கைக்குக் கிடைக்கிற அன்று சாயங்காலம் அறையில்தான் இருப்பேன். உன்னிடம் சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. கூப்பிடு.

உன்
காதம்மா